கியர்னி தெருவில் முதுமை

1

முதியவர்களுக்கு உதவ முன்வரும் இளைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்களைப் பற்றியே எழுதிவிடுகிறார்கள். அவர்களுடைய கருணை, பெருந்தன்மை, ஓய்வு நேரத்தை ஒப்புக்கொடுத்த தியாகம் எல்லாம் வரிசையாக வரும். முதியவர் அந்தச் சித்திரத்தில் ஓர் ஓரமாகக் கட்டிலில் படுத்திருப்பார். அவர் யார், அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்து சேர்ந்தார், அவருக்குத் தண்ணீர் கொடுக்க முன்பின் தெரியாத ஒருவன் ஏன் வர வேண்டியிருக்கிறது என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. முதுமை வெயில் மழை போல இயற்கையானது; தனிமை அதன் நிழல்; தொண்டு அதற்கு மருந்து. விஷயம் இந்த மூன்று வாக்கியங்களில் முடிந்துபோகிறது.

பிழைப்புக்காக நாடுவிட்டுப் போனவர்களின் முதுமையை எடுத்துக்கொண்டால் இந்தச் சித்திரம் நிற்பதில்லை. அவர்களில் பலருடைய தனிமைக்குத் தேதி உண்டு, சட்டப் பிரிவு உண்டு, அதில் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. இயற்கை அதில் செய்தது மிகக் கொஞ்சம். கலிபோர்னியாவில் கூலி வேலை செய்து கிழவர்களான பிலிப்பினோக்களின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். 1970களில் அவர்களுக்காக வீடு கட்டவும், அவர்களுடைய வீடு இடிபடாமல் காவல் நிற்கவும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சம்பளமில்லாமல் வந்தார்கள். அவர்கள் செய்தது என்ன, செய்ய முடியாமல் போனது என்ன என்பதை இங்கே பார்க்கலாம். அதற்கு முன் அந்தக் கிழவர்கள் எப்படி உண்டாக்கப்பட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

2

1898-ல் ஸ்பெயின் பிலிப்பைன்ஸ் தீவுகளை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் கைமாற்றியது. தீவுகளின் மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் 1899-ல் போர் தொடுத்துத் தோற்றார்கள். 1901-ல் 'தாமஸ்' என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் வந்திறங்கினார்கள். ஒரு தலைமுறைக்குள் இலோகோஸ் மாகாணத்துக் குடியானவன் வீட்டுப் பையன் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் லிங்கனைப் படிக்கலானான். மெக்காலேயின் பேரர்களான நமக்கு இந்த இடத்தில் அதிக விளக்கம் தேவையில்லை. அவன் படித்ததை அப்படியே நம்பினான் என்பது மட்டும் முக்கியம்.

அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் அவன் ஒரு விசித்திரப் பிறவி. பிரஜை அல்ல, அந்நியனும் அல்ல. ஓட்டு இல்லை, ஆனால் உள்ளே வரத் தடையும் இல்லை. 1882-ல் சீனத் தொழிலாளர்களுக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது. 1924-ம் ஆண்டுச் சட்டம் ஜப்பானியரையும் சேர்த்து ஏறக்குறைய ஆசியா முழுவதையும் வெளியே நிறுத்தியது. கலிபோர்னியாவின் பெரும் பண்ணைகளுக்கோ ஆள் வேண்டியிருந்தது. ஒரே கொடியின் கீழ் இருப்பவன் என்பதால் பிலிப்பினோவை மட்டும் தடுக்க முடியவில்லை. ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு 1906-லேயே முதல் பதினைந்து பேர் போய்விட்டார்கள். 1920களில் கூட்டம் கலிபோர்னியாவுக்குத் திரும்பியது. 1930 குடிக்கணக்கின்படி அமெரிக்கப் பெருநிலத்தில் சுமார் 45 ஆயிரம் பிலிப்பினோக்கள். அவர்களில் 30 ஆயிரம் பேர் கலிபோர்னியாவில். பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வந்தவர்கள் பெரும்பாலும் இருபதைச் சுற்றிய வயதினர். ஸ்டாக்டனில் ஆஸ்பராகஸ், ஸலினாஸில் லெட்யூஸ், டெலானோவில் திராட்சை, கோடையில் அலாஸ்காவின் மீன் டப்பாத் தொழிற்சாலைகள் என்று பயிர் போகும் பாதையில் இவர்களும் போனார்கள். குனிந்தே செய்யும் வேலை. முதலாளிகளுக்குத் தனிக்கட்டை ஆண்களே வசதி. குடும்பத்துக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். தனி ஆளுக்குக் கொட்டகையில் ஒரு பலகை போதும்.

இவர்கள் துறவிகள் அல்ல. நடன விடுதிகளில் வெள்ளைக்காரப் பெண்களோடு ஆடினார்கள். சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. இதுதான் வெள்ளையரில் ஒரு பகுதியினரைப் பதற வைத்தது. 1930 ஜனவரியில் வாட்ஸன்வில் ஊரில் வெள்ளையர் கும்பல்கள் பல நாட்கள் பிலிப்பினோக்களை வேட்டையாடின. கொட்டகைக்குள் பாய்ந்த குண்டுக்கு ஃபெர்மின் டொபேரா என்ற 22 வயது இளைஞன் பலியானான். கும்பல் முடித்த இடத்திலிருந்து சட்டம் தொடங்கியது. வெள்ளையர் 'மங்கோலியரை' மணக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் ஏற்கனவே விதி இருந்தது. ரோல்டான் என்ற பிலிப்பினோ, தான் மலாய் இனத்தவன், மங்கோலியன் அல்ல என்று வழக்காடினார். 1933-ல் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு சட்டசபை விதியில் 'மலாய்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தது. அவ்வளவுதான். ஒரு சொல்லால் ஒரு தலைமுறையின் திருமணங்களைக் கலைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியாது. 1948-ல்தான் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 1930-ல் இருபத்தைந்து வயதாயிருந்தவனுக்கு அப்போது நாற்பத்து மூன்று.

ஊரிலிருந்து பெண்ணை அழைத்து வரலாமே? 1934-ல் அமெரிக்கா பிலிப்பைன்ஸுக்குப் பத்தாண்டுகளில் சுதந்திரம் தருவதாகச் சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தின் மறுபக்கம், இனி ஆண்டுக்கு ஐம்பது பேர் மட்டுமே உள்ளே வரலாம் என்பது. விடுதலை தருவது போலக் கதவைச் சாத்தினார்கள். 1935-ல் திரும்பிப் போகிறவர்களுக்கு இலவசக் கப்பல் பயணம் என்று அறிவித்தார்கள். போனவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர்தான். திரும்பி வர முடியாது என்பது ஒரு காரணம். சம்பாதித்ததாகக் காட்ட ஏதுமில்லாமல் ஊர் போய்ச் சேரும் வெட்கம் இன்னொன்று. யுத்தத்தின்போது 1942-ல் பிலிப்பினோ படைப்பிரிவுகள் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்டன. அவற்றில் சேர்ந்தவர்களில் சிலர் பிரஜைகளாகி, தீவுகளில் மணம் செய்து மனைவியரை அழைத்து வந்தார்கள். மற்றவர்களுக்குப் பிரஜையாகும் வாய்ப்பே 1946-ல்தான் கிடைத்தது. அப்போதும் ஆண்டுக்கு நூறு பேர் வரலாம் என்றுதான் கணக்கு.

இன்னும் ஒன்று. 1935-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதுமைக்கால ஓய்வூதியத்தை நிறுவியது. விவசாயக் கூலிகள் அதில் சேர்க்கப்படவில்லை. 1950களில்தான் படிப்படியாக உள்ளே விட்டார்கள். முப்பது வருடம் குனிந்து வேலை செய்தவனுக்குக் கணக்கில் விழுந்தவை கடைசிச் சில வருடங்களே.

மனைவி, பிள்ளை, நிலம், ஓய்வூதியம் என்று முதுமைக்கு மனிதன் ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளும் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக, எழுத்துமூலமாக, இவர்களுக்கு மறுக்கப்பட்டன. 1960களில் 'ஆதரவற்ற முதியோர்' என்று சமூக நல இலாகாக்கள் இவர்களைக் கண்டுபிடித்தபோது, ஆதரவை அகற்றியவர் யார் என்ற கேள்வி அந்தப் பெயரில் இல்லை.

3

இந்தக் கிழவர்கள் சும்மா உட்கார்ந்திருந்து உதவி வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1965 செப்டம்பர் 8-ல் டெலானோவில் திராட்சை வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். தலைமை தாங்கிய லாரி இட்லியோங் ஒரு கையில் மூன்று விரல்களை இழந்தவர். ஸீஸர் சாவேஸின் மெக்ஸிகத் தொழிலாளர்கள் எட்டு நாட்கள் கழித்து வந்து சேர்ந்தார்கள். உலகம் சாவேஸின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டது. தொடங்கியவர்களின் பெயர் பின்னால் போய்விட்டது.

வேலைநிறுத்தம் தொடங்கியதும் பண்ணைக்காரர்கள் கொட்டகைகளில் தண்ணீரை, மின்சாரத்தை, எரிவாயுவை நிறுத்தினார்கள். பிறகு ஆட்களையே வெளியேற்றினார்கள். பலருக்கு அந்தக் கொட்டகை பல ஆண்டுகளாக வீடு. கூலி போனால் கூரையும் போகும் என்பது அன்று நிரூபணமாயிற்று. ஓய்வுபெறும் வேலைநிறுத்தக்காரர்களுக்கு வீடு கட்ட வேண்டும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. 1967-ல் மறியலின்போது மாரடைப்பால் இறந்த பாலோ அக்பயானி என்ற தொழிலாளியின் பெயரில் அக்பயானி கிராமம் டெலானோவில் எழுந்தது. 1974-ல் திறந்தார்கள். சுமார் அறுபது அறைகள், பொதுச் சமையலறை, பொது உணவுக்கூடம், நடுவே முற்றம். கட்டியவர்கள் இரண்டாயிரத்துக்கும் அதிகமான தொண்டர்கள். பல நாடுகளிலிருந்து வந்தார்கள்; கலிபோர்னியாவின் கல்லூரிகளிலிருந்து வார இறுதிகளில் பிலிப்பினோ மாணவர்கள் வந்தார்கள். செங்கல் எடுத்துக் கொடுப்பதும் கலவை குழைப்பதும் அவர்களுக்குப் புதிது. வேலை சொல்லிக் கொடுத்தவர்களில் கிழவர்களும் உண்டு.

தொண்டு பற்றி நம்மிடம் இருக்கும் படத்தில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை இருக்கும். அக்பயானி கிராமத்தில் அந்தப் படம் கொஞ்சம் கலைந்தது. அந்த வீடு தானமாகத் தொடங்கவில்லை. ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பட்ட கடன் அது. தொண்டர்கள் அந்தக் கடனை அடைக்கத் தோள் கொடுத்தார்கள். கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் நடுவில் ஒரு நியாயம் மூன்றாவதாக நின்றது. கருணை மட்டும் நின்றிருந்தால் கிழவர்கள் தலைகுனிந்து நன்றி சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

4

ஸான் பிரான்ஸிஸ்கோவின் கியர்னி தெருவை நம் வாசகர்களுக்கு ஒரு விதத்தில் தெரியும். கின்ஸ்பெர்க்கின் 'ஹவுல்' மீது 1957-ல் வழக்கு நடந்த நீதிமன்றக் கட்டிடம் அந்தத் தெருவில்தான் இருந்தது. புத்தகத்தை வெளியிட்ட 'ஸிட்டி லைட்ஸ்' கடை அங்கிருந்து சில நிமிட நடை. பீட் கவிகளை நாம் படித்திருக்கிறோம், மொழிபெயர்த்திருக்கிறோம். அந்த மூலையைப் பற்றிய நம் அறிவு அதோடு நின்றுவிட்டது. அதே தெருவில் 848-ம் எண் கட்டிடம் இன்டர்நேஷனல் ஹோட்டல். 1906 பூகம்பத்துக்குப் பின் 1907-ல் எழுப்பப்பட்டது. பெயர்தான் ஹோட்டல், மாத வாடகைக்கு விடும் சிறு அறைகள், பொதுக் குளியலறை, பொதுச் சமையலறை. வாடகை சுமார் 50 டாலர். கீழ்த்தளத்தில் பில்லியர்ட்ஸ் கூடம், சாப்பாட்டுக் கடை. நிலவறையில் 'ஹங்க்ரி ஐ' என்ற பிரபல கேளிக்கை விடுதி சில காலம் இயங்கியது. நவீனத்துவத்தின் ஒரு மேடை அடித்தளத்தில். மேலே கூலிக் கிழவர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மாடிப்படி. இலக்கிய வரலாறு எழுதியவர்கள் அந்தப் படியில் ஏறவில்லை.

சுற்றியிருந்த பத்துத் தெருக்களுக்கு மனிலா டவுன் என்று பெயர். பருவ வேலை முடிந்து வரும் பிலிப்பினோக்களுக்கு அது குளிர்கால ஊர். வயதானபின் முழுநேர ஊர். பக்கத்துச் சைனா டவுனிலும் இதே கதை, இன்னும் பழையதாக: 1882 சட்டம் உண்டாக்கிய மனைவியற்ற சீன ஆண்களின் உலகம். ஹோட்டலில் சீனக் கிழவர்களும் இருந்தார்கள். 1960களில் வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் நிறைந்த வர்த்தகப் பகுதி இந்தப் பக்கமாக விரிந்தது. மனிலா டவுன் தெருத்தெருவாக மறைந்தது. 1968-ல் இன்டர்நேஷனல் ஹோட்டலின் உரிமையாளர்கள் வாகன நிறுத்தம் கட்டுவதற்காக 196 குடியிருப்பாளர்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்தார்கள். 1969 மார்ச் 16-ல் கட்டிடத்தில் தீப்பிடித்து மூன்று பேர் இறந்தார்கள்.

மாணவர்கள் இந்தக் கட்டத்தில் வருகிறார்கள். 1968 நவம்பரிலிருந்து 1969 மார்ச் வரை ஸான் பிரான்ஸிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் ஒரு நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. கறுப்பர், ஆசியர், மெக்ஸிகர், செவ்விந்தியர் ஆகியோரின் வரலாறு பாடத்திட்டத்தில் வேண்டும் என்பது கோரிக்கை. வென்றார்கள். ஆனால் பாடப்புத்தகம் எங்கே? எழுதப்பட்ட வரலாறு கிடையாது. அது இன்டர்நேஷனல் ஹோட்டலின் அறைகளில் சிகரெட் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்தும் பெர்க்லியிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். தீயில் கெட்ட அறைகளைச் செப்பனிட்டார்கள், பெயின்ட் அடித்தார்கள், குழாய்களை மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் கிழவர்களோடு துணை போனார்கள். கீழ்த்தளத்தில் புத்தகக் கடை, கலைப் பட்டறை, சமூக மையம் எல்லாம் தோன்றின. சிலர் ஹோட்டலிலேயே குடிவந்தார்கள்.

உதவிய மாணவர்களுக்கும் இது ஒரு தேவை. 1965-க்குப் பின் குடியேற்றச் சட்டம் தளர்ந்து வந்த புதிய குடும்பங்களின் பிள்ளைகள், யுத்தத்துக்குப் பின் மணம் முடித்தவர்களின் பிள்ளைகள் — இவர்களில் பலர் தங்களுக்கு முன் இந்த மண்ணில் யார் இருந்தார்கள் என்று அறியாமல் வளர்ந்தவர்கள். கிழவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகளுக்குத் தாத்தாக்கள் இல்லை. பற்று வரவில் இரு பக்கமும் எழுத வேண்டிய கணக்கு இது. தொண்டைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கூட்டுத்தொகை போடுகிறோம்.

அவர்கள் கிழவர்களை அழைத்த சொல்லும் கவனிக்கத் தக்கது. 'மனோங்'. இலோகானோ மொழியில் அண்ணன் என்று பொருள். வயதில் மூத்த ஆணை மரியாதையாக அழைக்கும் சொல். தாத்தா வயதுள்ளவர்களை இருபது வயதுப் பெண்ணும் பையனும் அண்ணா என்று அழைத்தார்கள். வழக்கமான மரியாதைதான் என்று விட்டுவிடலாம். ஆனால் எனக்கு அதில் வேறொன்றும் கேட்கிறது. தாத்தா என்று அழைக்க நடுவில் ஒரு தலைமுறை வேண்டும். அந்தத் தலைமுறை பிறக்கவில்லை. சட்டம் அதைப் பிறக்க விடவில்லை. அண்ணன், தம்பி என்று பக்கவாட்டில் மட்டுமே உறவு சொல்ல முடிந்தது.

5

இதை ஒரு பரவசக் கதையாக முடிக்க முடியாது. 1973-ல் ஹோட்டல் தாய்லாந்து முதலீட்டாளர் ஒருவருடைய கம்பெனிக்குக் கைமாறியது. மறு ஆண்டு மீண்டும் நோட்டீஸ். போராட்டம் வளர வளர உள்ளே வந்த இடதுசாரிக் குழுக்களும் பெருகின. ஒவ்வொன்றுக்கும் ஒரு தத்துவப் பாதை, ஒரு பத்திரிகை. 1976-ல் மேயர் மாஸ்கோனி ஒரு திட்டம் முன்வைத்தார்: நகரம் 13 லட்சம் டாலர் கொடுத்துக் கட்டிடத்தை எடுத்துக்கொள்ளும், குடியிருப்பாளர்கள் பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இது தீர்வா, கண்ணியா? ஏழைக் கிழவர்கள் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள்? குழுக்கள் இதில் பிளந்தன. ஒருவரை ஒருவர் துரோகி என்றார்கள். திட்டம் கடைசியில் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஓய்வூதியத்தில் வாழும் எண்பது வயது மனிதர் தன் அறையில் படுத்து இறக்க வேண்டும் என்று விரும்புகிறார். அவருடைய அறை வர்க்கப் போராட்டத்தின் முன்னணி அரண் என்று அவரிடம் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே அறைதான். ஆனால் இரண்டும் ஒரே விருப்பம் அல்ல. மனிதனைச் சின்னமாக்குவது அவனை மறப்பதற்கு மிக நாகரிகமான வழி. கலை, இலக்கியத்திலும் இதைத்தான் செய்கிறோம். விவசாயி, தொழிலாளி என்று எழுதி முடித்தபின் அவனுக்குப் பெயர் இருக்காது. இன்டர்நேஷனல் ஹோட்டலில் இந்த ஆபத்து முழுவதும் நிஜமாகிவிடாமல் தடுத்தது ஒரே ஒரு அமைப்பு — குடியிருப்பாளர்களின் சங்கம். கிழவர்கள் அதில் உட்கார்ந்து பேசினார்கள். முடிவுகள் அங்கே எடுக்கப்பட வேண்டும் என்ற நெறியாவது இருந்தது. போராட்டத்தில் பங்குகொண்டு பின்னால் சரித்திர ஆசிரியையான எஸ்டெல்லா ஹபால் 2007-ல் வெளியிட்ட நூலில் இந்தக் குழுச் சண்டைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன் இயக்கத்தின் வரலாற்றைத் துதிப்பாடல் ஆக்காமல் எழுதுவது அரிது.

1977 தொடக்கத்தில், வெளியேற்ற உத்தரவை நிறைவேற்ற மறுத்ததற்காக ஷெரிஃப் ரிச்சர்ட் ஹொங்கிஸ்டோவுக்கே ஐந்து நாள் சிறைத் தண்டனை விதித்தார்கள். அதே ஷெரிஃப் 1977 ஆகஸ்ட் 4 விடிவதற்கு முன் சம்மட்டி எடுத்துக் கதவுகளை உடைத்தார். நானூறுக்கும் மேற்பட்ட போலீஸாரும் ஷெரிஃபின் ஆட்களும், சிலர் குதிரைமேல். கட்டிடத்தைச் சுற்றிச் சுமார் மூவாயிரம் பேர் கைகோத்து நின்றார்கள். மணிக்கணக்கில் அடி வாங்கினார்கள். உள்ளே சுமார் ஐம்பது கிழவர்கள். ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். கர்டிஸ் சாய் 1983-ல் முடித்த ஆவணப் படத்தில் அந்த இரவு இருக்கிறது. தோள்களுக்கு நடுவே தடியை ஊன்றி நடந்து வருகிறவர்களின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஸ்டாக்டனில், ஸலினாஸில், டெலானோவில் இதற்கு முன்பும் அவர்களைக் கொட்டகையை விட்டு வெளியேற்றியிருக்கிறார்கள். வாசலில் தங்களுக்காக யாரோ நிற்பதுதான் புதிது.

வெளியேற்றப்பட்டவர்கள் நகரின் மற்ற மலிவு ஹோட்டல்களில் சிதறினார்கள். பழகிய தெரு, பழகிய சாப்பாட்டுக் கடை, அறைக் கதவைத் தட்டும் பக்கத்து அறைக்காரன் எல்லாம் போயின. கட்டிடத்தைச் சில ஆண்டுகளில் இடித்தார்கள். இடித்த இடத்தில் வாகன நிறுத்தமும் வரவில்லை, எதுவும் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் குழியாகக் கிடந்தது.

6

அப்படியானால் தொண்டர்கள் தோற்றார்களா? கட்டிடத்தைக் காப்பாற்றவில்லை என்ற கணக்கில் தோற்றார்கள். ஆனால் ஒன்பது ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். 1968-ல் அறுபத்தைந்து வயதாயிருந்த ஒருவருக்கு ஒன்பது ஆண்டு என்பது சிறிய விஷயம் அல்ல. பலருக்கு அது மிச்சமிருந்த ஆயுள் முழுவதுமே. அவர்கள் தங்கள் அறையிலேயே இறந்தார்கள். முதுமையின் அளவைகள் வேறு. நிரந்தர வெற்றி என்பது நடு வயதினரின் பேராசை.

இதே ஆண்டுகளில் சில தெருக்கள் தள்ளி வேறொரு முயற்சி நடந்தது. சைனா டவுன் கிழவர்களைத் தொலைவிலுள்ள முதியோர் விடுதிகளுக்கு அனுப்பினால் மொழி புரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, யாரும் பார்க்க வர முடியாது. வில்லியம் ஜீ என்ற பல் மருத்துவரும் ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த மேரி-லூயீஸ் அன்ஸாக் என்ற சமூகப் பணியாளரும் 1971-ல் 'ஆன் லோக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கான்டனீஸ் மொழியில் அமைதியான, மகிழ்ச்சியான இருப்பிடம் என்று பொருள். முதியவர் தன் வீட்டிலேயே இருப்பார்; பகலில் மையத்துக்கு அழைத்து வந்து மருத்துவம், உணவு, துணை எல்லாம் கொடுத்து மாலையில் வீட்டில் விடுவார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. சம்பளம் வாங்கும் செவிலியர்கள், வண்டி ஓட்டிகள். 1997-ல் மத்திய அரசு இந்த முறையைத் தன் மருத்துவக் காப்புத் திட்டத்தின் நிரந்தர அங்கமாக ஏற்றுக்கொண்டது. நாட்டின் பல மாநிலங்களுக்குப் பரவிய முறை, ஒரு குடியேறிகள் பேட்டையின் பத்துத் தெருக்களில் பிறந்தது.

ஆன் லோக்கை வைத்துக்கொண்டு ஹோட்டல் மாணவர்களைக் கேலி செய்வது சுலபம். அவர்களை வைத்துக்கொண்டு ஆன் லோக்கைச் சீர்திருத்தவாதம் என்று ஒதுக்குவது இன்னும் சுலபம். இரண்டையும் நம் சூழலில் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். முதுமைக்குத் தேவையானது தினசரி, தவறாத, அலுப்பூட்டும் வேலை. அதை உற்சாகத்தின் பேரில் நீண்ட நாள் செய்ய முடியாது. மாணவன் தேர்வுக்குப் போவான், காதலிப்பான், வேறு ஊருக்கு வேலை கிடைத்துப் போவான். ஆகவே கூலியும் ஒழுங்கும் உள்ள அமைப்பு வேண்டும். அது அரசாங்கத்தின் பொறுப்பு. மனைவியை மறுக்கச் சட்டம் செய்ய முடிந்த அரசாங்கத்துக்குச் செவிலியை அனுப்பவும் சட்டம் செய்ய முடியும். ஆனால் அமைப்பு ஒன்றைச் செய்யாது. நீ ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்டு, பதிலை முழுக்கக் கேட்டு, எழுதி வைக்காது. அதற்கு ஓய்வாக வந்து உட்காரும் ஒருவன் வேண்டும்.

அல் ரோபிள்ஸ் அப்படிப்பட்டவர். கவி. முதியோர் நலப் பணிகளில் பல வருடங்கள் உழைத்தவர். மனோங்குகளோடு சாப்பிட்டு, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து, அதிலிருந்து கவிதை செய்தார். அவருடைய தொகுப்பு 1996-ல்தான் வந்தது. 2009-ல் இறந்தார். தொகுப்பு போட இவ்வளவு தாமதித்தது சோம்பலால் அல்ல என்று நினைக்கிறேன். கவிதைக்காக அவர் கிழவர்களிடம் போகவில்லை. போனதன் விளைவாகக் கவிதை வந்தது. இந்த வித்தியாசம் நமக்குள் விவாதிக்கத் தக்கது.

கார்லோஸ் புலோஸான் 1930-ல் ஸியாட்டிலில் வந்திறங்கியவர். இந்தத் தலைமுறையின் கதையை 1946-ல் 'அமெரிக்கா இதயத்தில் இருக்கிறது' என்ற நூலாக எழுதினார். சில காலம் புகழ் இருந்தது. பிறகு நோயிலும் வறுமையிலும் 1956-ல் ஸியாட்டிலில் இறந்தார். நூலும் மறக்கப்பட்டது. 1973-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை மறுபடி வெளியிட்டது. அதைத் தேடி வாங்கியவர்கள் மேலே சொன்ன மாணவத் தலைமுறையினர்தான். கிழவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் இறந்தவரின் புத்தகத்தை மீட்டதும் ஒரே காரியத்தின் இரண்டு கைகள். இலக்கியத்தை வாழ்க்கையிலிருந்து பிரித்துக் காப்பாற்ற வேண்டும் என்று கவலைப்படுகிறவர்களும், வாழ்க்கையின் பேரால் இலக்கியத்தைத் தண்டிக்க வேண்டும் என்று துடிக்கிறவர்களும் இந்தச் சிறிய உண்மையைச் சற்று யோசிக்கலாம்.

2005-ல் கியர்னி தெருவில் அதே இடத்தில் புதிய இன்டர்நேஷனல் ஹோட்டல் திறக்கப்பட்டது. முதியோருக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பு. நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள். கீழ்த்தளத்தில் மனிலா டவுன் நினைவு மையம். 1977-ல் வாசலில் கைகோத்து நின்றவர்களில் சிலர் இருபத்தெட்டு ஆண்டுகள் விடாமல் நகரசபைக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்ததன் விளைவு அது. அன்று வெளியேற்றப்பட்டவர்களில் மிகச் சிலரே அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்கள். அறைகளில் இப்போது வேறு முதியவர்கள் இருக்கிறார்கள். முதியோருக்கான இடம் முதியோருக்கே திரும்பியிருக்கிறது; அது நியாயம். ஆனால் இழப்பீடு என்று அதைச் சொல்ல முடியாது. இழந்தவர்கள் அங்கே இல்லை. அவர்களுக்கு வாரிசும் இல்லை. வாரிசுகளின் வேலையைச் செய்தவர்கள் மட்டும் இருந்தார்கள். அவர்களுக்கும் அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.